கயிற்றின் மறுமுனை

எனக்கு வருவதை நான் ஒருபோதும் கண்டதில்லை. கண்டவர்கள் சொல்லித்தான் தெரியும். கண் திறந்தபடி இருக்குமாம். கை, செய்துகொண்டிருந்த வேலையின் நடுவில் நின்றுவிடுமாம். கூப்பிட்டால் திரும்பமாட்டேனாம். உதடு மட்டும் எதையோ மெல்வதுபோல அசையுமாம். கொஞ்சம் கழித்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வேனாம்.

எனக்குத் தெரிவது வேறு. முதலில் வெளிச்சம் வரும். களப்பு நீரில் படும் வெயில் கரையோரக் கண்டல் இலைகளின் அடிப்பக்கத்தில் நெளியுமே, அந்த வெளிச்சம். வீட்டுக்குள் இருந்தாலும் வரும். கூரையில் நெளியும், சுவரில் நெளியும், சோற்றுப் பானையின் மூடியில் நெளியும். பிறகு நனைந்த சாக்கின் மணம். அதன் பிறகு ஒன்றுமில்லை. அடுத்த கணம் சோறு கருகியிருக்கும். அல்லது வேலியின் நிழல் மறுபக்கம் விழுந்திருக்கும். அல்லது நாகரெத்தினம் எனக்கு முன்னால் குந்தியிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

நாகரெத்தினம் என் கணவர். நான் திரும்பி வரும்போதெல்லாம் அவர் கேட்பது ஒன்றைத்தான். "எங்க புள்ள போன? எனக்கு ஒண்டும் வாங்கி வரல்லையா?"

வலது காதுக்கு மேலே, எலும்புக்கு உள்ளே, ஒரு ஷெல் துண்டு இருக்கிறது. வாகரைச் சண்டையில் வந்தது. அப்போது நான் இயக்கத்தில் இருந்தேன். சென்றிக் காவலில் கண் அயராதவள் என்று எனக்குப் பெயர் இருந்தது. மற்றப் பிள்ளைகள் தூங்கி வழியும்போது என்னைக் கூப்பிட்டு நிறுத்துவார்கள். எதிரே இருந்த பற்றையில் ஒரு இலை திரும்பினாலும் எனக்குத் தெரியும். இப்போது என் வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிவது தெரிவதில்லை.

துண்டை எடுக்கப் போனால் அதைவிடக் கூடப் போய்விடும் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். இதுவும் ஒரு வகை வலிப்புத்தான் என்றார்கள். குளிசை தந்தார்கள். குளிசை அதைக் குறைத்தது, நிறுத்தவில்லை.

வேலைகள் பார்த்தேன். ஒரு தையல் ஆலையில் இருந்தேன். இயந்திரத்தின் ஊசி என் விரலுக்குள்ளால் போய்வந்தபோது நான் அங்கே இல்லை. திரும்பி வந்தபோது வெள்ளைத் துணி சிவந்திருந்தது, யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வை செய்த பிள்ளை அழுதுகொண்டுதான் என்னை வீட்டுக்கு அனுப்பினாள். பிறகு முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சப் போனேன். நெருப்புக்குப் பக்கத்தில் என்னை நிற்க விடப் பள்ளிக்காரர்களுக்குப் பயம். அது நியாயம்.

கடைசியில் எனக்குத் தண்ணீர்தான் மிஞ்சியது.

பனிச்சங்கேணியில் எங்கள் வளவு, கடலோடு சேர்ந்த உப்புநீர்க் களப்பின் கரையோடு முடிகிறது. அங்கே கையால் தடவி இறால் பிடிக்கலாம். நான் இறங்கும்போது நாகரெத்தினம் ஒரு நைலோன் கயிற்றை என் இடுப்பில் கட்டுவார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கரையில் குந்தியிருப்பார். நான் அசையாமல் நின்றால் இழுத்து எடுப்பார். இப்படித்தான் எங்கள் சீவியம் போகிறது. அவருக்கு ஒரு தோணி உண்டு. அது வேம்பின் கீழ் கவிழ்ந்து கிடக்கிறது. வெயிலில் பலகைகள் சுருங்கி, இடுக்குகள் விரிந்துவிட்டன. அவர் களப்பின் நடுவுக்குப் போனால் என்னை யார் பார்ப்பது? கரையோரத்தில் நின்று வலை வீசுவார். ஆனால் அவர் கண் வலையில் இராது, என்னில் இருக்கும். மீன்கள் அதைக் கண்டுகொள்ளும்.

எங்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அங்கவீனர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் மாதக் கொடுப்பனவு கிடைத்தால், பக்கத்து வளவுக் கண்ணகையக்காவுக்கு அதைக் கொடுத்து, பகலில் என்னோடு இருக்கச் சொல்லலாம். அவ தனி ஆள், அவவுக்கும் உதவி. நாகரெத்தினம் தோணியை இறக்கலாம்.

ஒருமுறை விண்ணப்பித்து அது போய்விட்டது. காயம் எப்படி வந்தது என்ற இடத்தில் யுத்தத்தால் என்று மட்டும் போடச் சொன்னார்கள். எந்தப் பக்கம் நின்றேன் என்று யாரும் கேட்கவில்லை. அதில் பிரச்சினை வரவில்லை. பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. வைத்தியப் பரிசோதனையில் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னேன். ஒரு காலில் நிற்கச் சொன்னார்கள், நின்றேன். வீட்டைப் பார்க்க ஒரு உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்தார். வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப முடியுமா? கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். தேத்தண்ணீர் வைத்தேன். மரவள்ளிக் கிழங்கு அவித்து, சம்பல் அரைத்து வைத்தேன். அவர் நன்றாகச் சாப்பிட்டார். உடல் நலத்துடன் இருக்கிறார், வேலைகளைத் தாமே செய்கிறார் என்று எழுதிவிட்டுப் போனார். அவர் எழுதியதில் பொய் இல்லை.

அவர் இருந்த நேரமெல்லாம் வெளிச்சம் வரவில்லை. யாரும் பார்க்க வரும்போது அது வருவதில்லை.

மேன்முறையீடு செய்தோம். மறுபடி ஒருவர் வந்து பார்ப்பார் என்று பிரதேச செயலகத்திலிருந்து சொன்னார்கள். அந்தக் கிழமை மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் எனக்குக் கிளினிக் இருந்தது. அங்கே காத்திருக்கும் வாங்கில் எப்போதும் எனக்குப் பக்கத்தில் இருப்பவர் மீராசாஹிப். ஓட்டமாவடிப் பக்கத்து ஆள். சீனி வருத்தத்துக்கு வருகிறவர். ஒரு காலத்தில் அரசாங்கத்தின் ஊர்காவல் படையில் இருந்தார். கண்ணிவெடியில் ஒரு கால் போனது. அதை வைத்தது எந்தப் பக்கம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நாங்கள் அதைப் பேசுவதில்லை. நம்பர் கூப்பிடும்வரை விலைவாசி பேசுவோம். அவருக்கு அரசாங்கத்தின் மாதப் பணம் எந்தக் கரைச்சலும் இல்லாமல் வருகிறது.

"கால் போறது ஒரு வகையில லேசு தங்கச்சி," என்று அவர் தன் பொய்க்காலைத் தட்டினார். "கழட்டி மேசையில வெச்சிரலாம். நீங்க எதக் கழட்டி வெக்கப் போறீங்க?"

ஆள் வரும் நாளில் நான் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் பாடம் எடுத்தார். பாயில் படுத்திருக்க வேண்டும். கேட்டதற்கு மட்டும் வாய் திறக்க வேண்டும். எழும்பித் தேத்தண்ணீர் ஊற்றினால் எல்லாம் முடிந்தது.

"அப்ப வாறவங்க பசியோட போறதா காக்கா?" என்றேன். அவரை அப்படித்தான், அண்ணனாகக் கூப்பிடுவேன்.

"இப்பிடித்தானே முந்தியும் கோட்ட விட்டீங்க," என்று சொல்லி, மற்ற நோயாளிகள் திரும்பிப் பார்க்கச் சிரித்தார்.

நாகரெத்தினம் அந்தக் கிழமை முழுவதும் ஒரு மாதிரி இருந்தார். அது வரக்கூடாது என்று வருசக் கணக்காக அம்மனிடம் கேட்டு வந்தவர். வைகாசிச் சடங்கு தவறாமல் நேர்த்தி வைத்தவர். இப்போது அது வர வேண்டும், அதுவும் ஆள் வரும் நேரத்தில் வர வேண்டும். ஒரு பின்னேரம் கோயிலுக்குப் போய்விட்டுச் சுருக்காகத் திரும்பி வந்தார். என்ன கேட்டீர்கள் என்றேன். எப்பிடிக் கேக்கிற எண்டு தெரியல்ல, சும்மா நிண்டுட்டு வந்தன் என்றார்.

ஆள் வருவதற்கு முதல் நாள் பொழுதுபடும் நேரம் குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அதை விழுங்காவிட்டால் நாளைக்கு வெளிச்சம் வரும். கட்டாயம் வரும். குளிசை முடிந்து, வாங்கப் போகச் சுணங்கிய நாட்களில் கண்டிருக்கிறோம். ஆனால் அப்படி வந்தால் எவ்வளவு நேரம் நிற்கும், திரும்பி வருவேனா என்று சொல்ல முடியாது. அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அதைத்தான் நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. குளிசை உள்ளங்கை வேர்வையில் கரைய ஆரம்பித்தது.

அவர் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "குடி புள்ள," என்றார். நான் விழுங்கும்வரை நின்றார்.

விடிந்ததும் கயிற்றைக் கொண்டுபோய்த் தோணியின் கீழே ஒளித்து வைத்தார். அதைக் கண்டால், மனிசன் பொஞ்சாதியை மாடு மாதிரிக் கட்டி வைத்திருக்கிறான் என்று எழுதுவார்கள் என்றார்.  எனக்கும் அந்தக் கயிறு வெட்கம்தான்.

வருகிறவ புதிதாக வேலைக்கு வந்த பிள்ளையாம். எங்கள் பக்கத்துப் பாதை தெரியாது. பத்து மணிபோலப் பிரதான வீதிக்கு வருவா, போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும். நாகரெத்தினம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெள்ளனவே வெளிக்கிட்டார். அவர் வரும்வரை என்னோடு இருக்க வருவதாகக் கண்ணகையக்கா சொல்லியிருந்தா. அவ எங்கேயோ சுணங்கிவிட்டா.

சட்டிகளைத் திறந்து பார்த்தேன். கத்தரிக்காய் இருந்தது. ஒரு துண்டுக் கருவாடு இருந்தது. காலையில் இதைப்பற்றிக் கதைத்தபோது, "அவ சாப்பிட வாறல்ல, பாக்க வாறா," என்று நாகரெத்தினம் சொல்லியிருந்தார். அது சரிதான். ஆனால் பட்டணத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை வெயிலில் வருகிறா. களப்பின் கரையில் குடியிருந்துகொண்டு கருவாடு போட்டு அனுப்பினால் அதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

இறால் போடும் பறியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

முதலில் நடக்க வேண்டும். இடுப்பளவு நீரில் சேற்றை அழுத்தி, ஒவ்வொரு அடியாக, தூரம்வரை. பிறகு கொஞ்சம் பொறுத்திருந்து வந்த வழியே திரும்ப வேண்டும். காலடிகள் விட்ட குழிகளுக்குள் இறால் வந்து படுத்திருக்கும். அதற்குத் தெரிந்தது ஒரு பள்ளம், ஒரு குளிர்ச்சி, அவ்வளவுதான். நான் நடந்து போன இடங்களில் எனக்குப் பின்னால் உயிர்கள் வந்து தங்குகின்றன என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். முழந்தாளிட்டுக் கழுத்தளவு நீருக்குள் அமர்ந்து, இரண்டு கைகளையும் குழியின் இரு பக்கமும் மெல்லக் கொண்டுவருவேன். விரல்களுக்குள் ஒரு துடிப்பு. அதைப் பறிக்குள் விடுவேன். அடுத்த குழி.

காற்று இல்லை. களப்பு ஒரு பெரிய மூச்சை எடுத்து விடாமல் வைத்திருப்பதுபோல இருந்தது. தூரத்தில் பாலத்தின் மேல் ஒரு பஸ் போனது. அதன் நிழலும் தண்ணீருக்குள் இன்னொரு பாலத்தில் போனது. நீர்க்காகம் ஒன்று செட்டையை விரித்தபடி தடியில் நின்றது. அதுவும் எங்கேயோ போயிருந்தது போலத்தான் இருந்தது.

கண்டல் இலைகளின் கீழே வெளிச்சம் நெளிந்தது.

நான் நின்றேன். களப்பில் இருக்கும்போது எனக்குள்ள கஷ்டம் இதுதான். வெயிலின் வெளிச்சமும் மற்ற வெளிச்சமும் ஒன்றுபோலவே இருக்கும். எது எது என்று சொல்ல முடியாது. அடுத்ததாக நனைந்த சாக்கு மணக்கிறதா என்று காத்திருக்க வேண்டும். இடுப்பில் கயிறு இருந்தால் காத்திருப்பது சுலபம். கையை இடுப்புக்குக் கொண்டுபோனேன். அங்கே ஈரச் சட்டை மட்டும் இருந்தது. கயிறு இல்லாமல் இறங்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கரையைப் பார்த்தேன். அது கிட்டத்தான் இருந்தது. ஆனால் யாரும் இல்லாத கரை.

சேற்று மணம் வந்தது. கண்டல் பூவின் மணம் வந்தது. சாக்கு மணம் வரவில்லை.

கரையை நோக்கி நடக்கத் தொடங்கினேன். அப்போதுதான் சைக்கிள் விழும் சத்தம் கேட்டது. நாகரெத்தினம் சாரத்தை மடித்துக் கட்டாமலே தண்ணீருக்குள் ஓடி வந்தார். என் தோள்கள் இரண்டையும் பிடித்தார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

"கயிறெங்க? ஏன் புள்ள கயிறில்லாம இறங்கின?"

அவருக்குப் பின்னால், கரையில், ஒரு ஸ்கூட்டிக்குப் பக்கத்தில், கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு மெல்லிய பெண்பிள்ளை நின்றுகொண்டிருந்தா. என் கழுத்தில் தொங்கிய பறியில் இறால்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

வந்தவவின் பெயர் விதுர்ஷா. நாங்கள் மிஸ் என்றோம். அவ எங்களை அக்கா, அண்ணன் என்றா. ஒவ்வொரு கேள்வியைக் கேட்க முன்பும் மன்னிப்புக் கேட்பதுபோலத் தொண்டையைச் செருமிக்கொண்டா. நான் ஈர உடுப்பை மாற்றிவிட்டு வந்து இறால் உரித்தபடி பதில் சொன்னேன். இனி மறைக்க என்ன இருக்கிறது? பாயில் படுக்க வேண்டியவள் பறியோடு நின்றதை அவ கண்ணால் கண்டாயிற்று. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். என் பிறந்த திகதி. குளிசையின் பெயர். தையல் ஆலைக்குப் போன வருசம்.

நாகரெத்தினம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு சொல்லைத் தேடி நிற்கும்போதெல்லாம் அவர் உடம்பு முன்னால் சாயும். வருகிறதா? பிறகு நான் சொல்லைக் கண்டுபிடிப்பேன். அவர் மறுபடி சுவரில் சாய்வார்.

சோறு போட்டேன். இறாலைப் பாலும் புளியும் விட்டு ஆக்கியிருந்தேன். மிஸ் முதலில் வேண்டாம் என்றா, பிறகு சாப்பிட்டா, பிறகு இன்னும் கொஞ்சம் போட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தாவாம். இறாலின் கண் தண்டில் இருப்பதைப்பற்றி ஏதோ சொல்ல வந்து வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டா.

கை கழுவிவிட்டு வந்து பேனையை எடுத்தா. எடுத்துவிட்டுக் கீழே வைத்தா.

"அக்கா, நான் வரக்குள்ள அண்ணன் ஒரு கயிறு கேட்டாரே. அது என்ன கயிறு?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"அது தோணிக் கயிறு மிஸ்," என்றார் நாகரெத்தினம்.

தோணி வேம்பின் கீழ் கவிழ்ந்து கிடப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. மிஸ் அதைப் பார்த்தா. பிறகு ஒன்றும் கேட்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தா. வற்புறுத்தியிருந்தால் நானும் சொல்லியிருக்கமாட்டேன். அவ அப்படிப் பேசாமல் இருந்தபோது எனக்குத்தான் பொறுக்க முடியவில்லை.

"என்ட இடுப்பில கட்டுற கயிறு மிஸ்," என்றேன். "நான் தண்ணிக்குள்ள போனா இவர் பிடிச்சிட்டு இரிப்பார். இடையில எனக்கு வந்தா இழுக்கிறதுக்கு. நீங்க காணப்படா எண்டு ஒளிச்சு வெச்சம்."

சொன்னபிறகு, மாட்டைப்பற்றிச் சொன்னதுபோல இருந்தது. நாகரெத்தினம் முற்றத்தைப் பார்த்தார்.

மிஸ் தொண்டையைச் செருமினா. எப்படி என்று தனக்குக் காட்ட முடியுமா என்று கேட்டா. நாகரெத்தினம் போய்த் தோணியின் கீழிருந்து கயிற்றை எடுத்து வந்தார். கரையில் வைத்து என் இடுப்பில் கட்டினார். மறுமுனையோடு வழக்கமான இடத்தில் குந்தப் போனார்.

"அண்ணன், நான் பிடிக்கிறன்."

அவர் கொடுக்கவில்லை. கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்த மெல்லிய கைகளைப் பார்த்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்த முனையை அவர் வேறு யாருக்கும் கொடுத்ததில்லை. கண்ணகையக்காவுக்குக்கூட இல்லை. நான் தலையாட்டினேன்.

"கையில சுத்தாதீங்க மிஸ்," என்றார் கடைசியில். "தலையப் பாக்காம தோளப் பாருங்க. தோள் நிண்டா இழுங்க."

நான் இறங்கினேன்.

கயிற்றுக்குள்ளால் ஒரு ஆளைத் தெரிந்துகொள்ளலாம். நாகரெத்தினம் பிடித்தால் கயிறு தளர்ந்து, நானே மறந்துபோகும் அளவுக்கு இருக்கும். மிஸ் பிடித்த கயிறு நடுங்கியது. நான் குனிந்தால் ஒரு இழுப்பு. நிமிர்ந்தால் ஒரு இழுப்பு. ஒரு சின்ன மீன் என் இடுப்பைக் கொத்திக் கொத்திப் பார்ப்பதுபோல. நான் என் பாட்டுக்குத் தடவினேன். காலையில் நடந்த குழிகள் இன்னும் சேற்றில் இருந்தன. அவற்றுக்குள் புதிய இறால்கள் வந்திருந்தன.

கரையில் அவவின் கைப்பேசி அடித்தது. பைக்குள் இருந்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவ எடுக்கவில்லை. வெயில் ஏறியது. நாகரெத்தினம் எதற்கும் தயாராக முழங்காலளவு நீரில் நின்றார். வெளிச்சம் இலைகளின் கீழ் நெளிந்தது. நான் சாக்கு மணத்துக்குக் காத்திருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, அதை விரும்பிக் காத்திருந்தேன். வா, இப்போது வா, இதோ ஆள் நிற்கிறா, கயிறும் இருக்கிறது. சேற்று மணம். கண்டல் பூ. வெயிலில் காயும் உப்பு. வெளிச்சம் இலைகளில்தான் நின்றது, அதைத் தாண்டி வரவில்லை.

பறி பாதி நிறைந்ததும் ஏறி வந்தேன். மிஸ் கயிற்றைக் கையில் சுற்றியிருந்தா. உள்ளங்கைகளில் சிவப்பு வரிகள். செருப்போடு சேற்றுக்குள் நிற்கிறா என்பது அவவுக்குத் தெரியவில்லை. கழுத்தில் நுளம்பு கடித்து வீங்கியிருந்தது.

"ஒண்டும் நடக்கல்ல மிஸ்," என்றேன். மன்னிப்புக் கேட்பதுபோலத்தான் வந்தது.

"ஓம் அக்கா. ஒண்டும் நடக்கல்ல." அவ கயிற்றை இன்னும் விடவில்லை. "ஆனா விட ஏலாமக் கிடந்தது. போன் அடிக்குது, எடுக்க ஏலா. நுளம்பு கடிக்குது, அடிக்க ஏலா. கண்ண எடுத்தா நீங்க போயிருவீங்க எண்டு இரிந்தது." நாகரெத்தினத்தின் பக்கம் திரும்பினா. "அண்ணன் ஒவ்வொரு நாளும் இப்பிடியா?"

"மழ நாள்ல இல்ல மிஸ்," என்றார் நாகரெத்தினம்.

அவ சிரிக்கவில்லை. தோணிக்குப் பக்கத்தில் போய்க் குந்தி, கவிழ்ந்த தோணியின் முதுகில் தாளை விரித்து எழுதத் தொடங்கினா. நான் பறியில் இருந்த இறாலை ஒரு இலையில் சுற்றிக் கொடுத்துவிட நினைத்தேன். வாழையிலை வெட்டப் போனேன். நாகரெத்தினம் மிஸ்ஸுக்குத் தேத்தண்ணீர் கொண்டு போனார். இலையை வெட்டிக்கொண்டு வந்து தோணிக்குப் பக்கத்தில் நின்றேன். கையில் இலை இருந்தது, கத்தி இருந்தது. தோணியின் பலகையில் வேம்பு இலைகளின் நிழல் அசைந்தது. நிழலுக்கு நடுவில் வெளிச்சம் நெளிந்தது. வேம்பின் கீழே தண்ணீர் இல்லையே என்று நினைத்தேன். ஒரு சாக்கு எங்கேயோ நனைந்து கிடந்தது.

தோணி இருந்தது. தாள் இல்லை. மிஸ் இல்லை. ஸ்கூட்டி நின்ற இடத்தில் ஒரு கோழி கிளறிக்கொண்டிருந்தது. வேம்பின் நிழல் என் காலைத் தாண்டிப் போயிருந்தது. நான் தோணியில் சாய்ந்து அமர்ந்திருந்தேன். கத்தி தூரத்தில், வேலியோரம் கிடந்தது. நாகரெத்தினம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கே போனாய் என்று இந்த முறை கேட்கவில்லை.

"இறால் குடுத்தீங்களா?" என்றேன்.

"குடுத்தன். அப்பிடி வாங்கப்படாது எண்டா. பிறகு வாங்கிட்டுப் போனா."

"நான் போனதக் கண்டாவா?"

"இல்ல. குனிஞ்சு எழுதிட்டு இரிந்தா. நான் மெல்ல உன்னக் கீழ இருத்தினன். களைச்சிட்டா எண்டு சொன்னன். எழுதி முடிச்சு, எழும்பாதீங்க அக்கா எண்டு சொல்லிட்டுப் போனா. நீயும் அவவப் பாத்துட்டுத்தான் இரிந்த."

கண்ணைத் திறந்துகொண்டு, உதட்டை அசைத்துக்கொண்டு. அவ நான் ஏதோ சொல்கிறேன் என்று நினைத்திருப்பா.

எத்தனை நாள் அதற்காகக் காத்திருந்தோம். கோயிலில் வாய் திறக்க முடியாமல் நின்றாரே, அதுதான் அவருக்கு முன்னால் வந்து நின்றது. ஒரு சொல் போதும். மிஸ், நிமிர்ந்து பாருங்க.

"ஏன் கூப்பிடல்ல?" என்றேன்.

அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக மடித்து விரித்துப் பார்த்தார், எல்லாம் திரும்பி வந்துவிட்டனவா என்று பார்ப்பதுபோல.

"கூப்பிடத்தான் வாயெடுத்தன். உன்ட முகத்தப் பாத்தன். அதப் போய் இன்னொரு ஆளுக்கு எப்பிடிக் காட்டுற புள்ள?" பிறகு சொன்னார்: "அவ அது இல்லாமலே எழுதிட்டா. போக முதல் எனக்கு வாசிச்சுக் காட்டினா."

மிஸ் எழுதியதை அவர் தன் சொற்களில் சொன்னார். இவவுக்கு வேலை தெரியும், நல்லாச் செய்வா. ஆனால் இவ செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் இன்னொரு ஆள் தன் வேலையை விட்டுவிட்டு, கண்ணை எடுக்காமல் காவல் இருக்க வேண்டும். அந்தக் காவலில் நானும் இருந்து பார்த்தேன். ஆகவே இவ தனியாக உழைக்கக்கூடியவர் அல்ல. கொடுப்பனவுக்குச் சிபாரிசு செய்கிறேன். மேலே இருப்பவர்கள் அதைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். சுணங்கும் என்றாவாம். தான் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பேன் என்றும் சொன்னாவாம்.

அவ காவல் என்ற சொல்லைத்தான் எழுதினாவா என்று கேட்டேன். ஓம் என்றார். நான் சென்றி நின்ற காலத்தில் எனக்குப் பின்னால் பிள்ளைகள் தூங்கினார்கள். அவர்களைப்போலத்தான் இவ்வளவு காலமும் நான் இவருடைய காவலில் போய்வந்துகொண்டிருந்தேன்.

வெயில் சாய்ந்தபிறகு கண்ணகையக்கா வந்தா. சுணங்கியதற்கு நாகரெத்தினத்திடம் நன்றாக ஏச்சு வாங்கினா. பிறகு மூன்று பேரும் சேர்ந்து தோணியை நிமிர்த்தினோம். கீழே கறையான் மண்ணும், ஒரு பூரானும், வெயில் படாத வெள்ளைப் புல்லும் இருந்தன. முதலில் ஊற வேண்டும், பலகை நீர் குடித்து வீங்கி இடுக்குகள் தாமாக மூட வேண்டும், அதற்கே கன நாள் எடுக்கும் என்று நாகரெத்தினம் சொன்னார். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை, தோணியிடம் சொன்னார். முடிவு வரவில்லையே, இப்போதே என்ன அவசரம் என்று கண்ணகையக்கா கேட்டா. ஊறுறது ஊறட்டுமே என்றார்.

கரைவரை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீருக்குள் தள்ளினோம். அது மிதக்கவில்லை. இடுக்குகளால் களப்பு உள்ளே வந்தது. தோணி மெல்லத் தாழ்ந்து, விளிம்பு மட்டும் தெரிய, தண்ணீருக்குள் அமர்ந்துகொண்டது. அதன் உள்ளே ஒரு சின்னக் களப்பு நிறைந்தது. பொன்னிற வெளிச்சம் அதன் பலகைகளில் நெளிந்தது. எனக்குப் பயமாக இருக்கவில்லை.

நாகரெத்தினம் என் இடுப்பில் கட்டும் கயிற்றை எடுத்துத் தோணியின் மூக்கில் கட்டினார். மறுமுனையை என் கையில் தந்தார்.

"பிடி," என்றார்.

பிடித்தேன். பிறகு அவர் என் கைக்கும் தோணிக்கும் இடையில் இருந்த கயிற்றை எடுத்து, கண்டலில் ஒரு சுற்றுப் போட்டு முடிச்சிட்டார். நான் போனாலும் தோணி போகாமல் இருக்க.